பட்டியலில் 73, கினிகத்தேனை வளைவில் எத்தனை?

வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கை எதைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களுக்குள் ஒரு தரவரிசை வந்துவிடும். உட்கட்டமைப்பில் இலங்கை இத்தனையாவது, வியட்நாம் இத்தனையாவது என்று. பண்டாரவளையில் தேயிலை பொதி செய்யப் போகிறவரும் நுவரெலியாவிலிருந்து லீக்ஸ் அனுப்பப் போகிறவரும் அதே எண்ணைத்தான் போடுகிறார்கள். அந்த எண் யாரைக் கேட்டு, எந்த ஊரை அளந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

அதிகம் எடுத்துக்காட்டப்படுவது சரக்கு நகர்த்தும் திறனை அளக்கும் உலக வங்கியின் லொஜிஸ்டிக்ஸ் செயற்றிறன் சுட்டெண், சுருக்கமாக எல்.பி.ஐ. 2018இல் இலங்கை 94ஆவது இடம், 2023இல் 73ஆவது இடம். "21 இடங்கள் முன்னேற்றம்" என்று உடனே எழுதிவிடுவார்கள். 2018 பட்டியலில் 160 நாடுகள் இருந்தன, 2023இல் 139தான். குறைந்தவையும் 21! அவை எல்லாமே இலங்கைக்கு மேலே இருந்தவை என்று அர்த்தமில்லை. ஆனால் நீளம் மாறிய இரண்டு பட்டியல்களில் இடத்தைக் கழித்துப் பார்ப்பது கணக்கே ஆகாது. பட்டியல் நீளத்தால் வகுத்துப் பாருங்கள்: மேலிருந்து 59 சதவீதத்தில் நின்ற நாடு 53 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. புள்ளியைப் பார்த்தால் 5க்கு 2.60 இருந்தது 2.8 ஆகியிருக்கிறது. முன்னேற்றம்தான், ஆனால் சிறியது.

இடத்தை விட்டுப் புள்ளியைப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. 2023இல் இந்தியா 3.4 புள்ளியோடு 38ஆவது, வியட்நாம் 3.3 புள்ளியோடு 43ஆவது. நடுவில் ஐந்து இடம். உண்மையான வித்தியாசம் 0.1. கருத்துக்கணிப்பில் வரும் 0.1ஐ வைத்து எந்த நாட்டில் களஞ்சியம் கட்டுவது என்று முடிவெடுக்க முடியாது.

யார் பதில் சொல்கிறார்கள் என்பது இதைவிட முக்கியம். எல்.பி.ஐ.யில் ஒரு சரக்கு முகவர் தன் நாட்டுக்குப் புள்ளி போடுவதில்லை. தான் வேலை செய்யும் எட்டு வெளிநாடுகளுக்குப் போடுகிறார். ஆகவே இலங்கைக்குப் புள்ளி போட்டவர்கள் கண்டது பெரும்பாலும் கொழும்புத் துறைமுகத்தையும் சுங்கத்தையும். மலையகத்தில் கினிகத்தேனை வளைவில் எதிரே பஸ் வர, லொறி பின்னால் போய் வழிவிடுவது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. 2023 பதிப்புக்கான கணிப்பு நடந்த மாதங்களைப் பாருங்கள்: 2022 செப்டெம்பர் முதல் நவம்பர் வரை. எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூ.ஆர். கோட்டாவில் டீசல் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போதுதான் புள்ளி ஏறியது! எல்.பி.ஐ. பொய் என்று சொல்ல வரவில்லை. அது நாட்டின் வாசலை அளக்கிறது. வாசல் வரை சரக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது வேறு கேள்வி.

தொழில் நடத்துவது எங்கே எளிது என்று வரிசைப்படுத்திய 'டூயிங் பிசினஸ்' பட்டியலை இன்னும் எடுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். தரவுகளில் முறைகேடு தெரியவந்ததால் உலக வங்கி அதை 2021 செப்டெம்பரில் நிறுத்திவிட்டது. 2020 என்று பெயர் போட்ட கடைசிப் பதிப்பின் தரவும் 2019 மே மாதம் வரைக்குமானதுதான். இலங்கைக்கு அது அளந்தது கொழும்பை மட்டும். மின் இணைப்புக் கேள்விக்கு எடுத்துக்கொண்டது, நகரத்தில் 150 மீட்டர் தொலைவில் 140 கே.வி.ஏ. இணைப்பு கேட்கும் ஒரு மாதிரிக் களஞ்சியம். மஸ்கெலியாத் தோட்டத்துக்கு உள்ளே லைன் இழுப்பதற்கான நாட்களை அதில் தேடிப் பயனில்லை. 'டூயிங் பிசினஸு'க்குப் பதிலாக 2024இல் வந்த 'பி-ரெடி' முதல் பதிப்பில் 50 நாடுகள்தான் இருந்தன.

உலகப் பொருளாதார மன்றத்தின் போட்டித்திறன் அறிக்கையிலும் கவனம் வேண்டும். தரவரிசையோடு வந்த கடைசிப் பதிப்பு 2019. அதில் வீதிக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. வீதித் தரம் என்பது நிர்வாகிகளின் அபிப்பிராயம். வீதி இணைப்பு என்பது பெரிய நகரங்களுக்கிடையே பாதை எவ்வளவு நேராக, எவ்வளவு வேகமாகப் போகிறது என்ற கணக்கு. ஒன்றை மற்றதாக எடுத்தால் முடிவு தலைகீழாகும்.

மின்சாரத்தில் நடக்கும் தவறுதான் பணத்தை அதிகம் தின்னும். "வீடுகளுக்கு மின்சாரம் கிட்டத்தட்ட 100 சதவீதம்" என்ற எண்ணைக் காட்டி வசதி போதும் என்பார்கள். தேயிலை பெக்டரிக்கு இணைப்பு இருப்பது மட்டும் போதாது. வாட்டத் தொட்டியின் விசிறி நின்றால் கொழுந்து சூடேறிச் சிவக்கும். அரைத்த தூள் புளித்துக்கொண்டிருக்கும்போது டிரையர் நின்றால் புளிப்பு மிஞ்சிச் சாயம் மங்கும்; ஏலத்தில் விலை விழும். ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: வருடத்தில் மொத்தம் எத்தனை நிமிடம் மின்வெட்டு (மின்துறையில் சைடி என்பார்கள்), எத்தனை தடவை (சைஃபி). ஒரே தடவையில் பத்து மணித்தியாலம் போனாலும், பத்துப் பத்து நிமிடமாக அறுபது தடவை போனாலும் மொத்தம் 600 நிமிடம்தான். குளிர் அறைக்காரருக்கு முதலாவது ஆபத்து. கணினி வேலை செய்பவருக்கு இரண்டாவது. அழுத்தத்தையும் பாருங்கள். பெயரளவு 230 வோல்ட், 6 சதவீதம் கூடிக் குறையலாம், அதாவது 216 முதல் 244 வரை. லைனின் கடைசியில் இருக்கும் இடமென்றால் ஒரு கிழமைக்கு மாலை ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் மீட்டரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டுச் சராசரியை அப்படியே எடுப்பதும் தவறு. கற்பனையாக இரண்டு நாடுகள், 5க்குப் புள்ளி. 'அ': துறைமுகம் 4, வீதி 2, மின்சாரம் 3, இணையம் 4. 'ஆ': 3, 3.5, 3.5, 2.5. சராசரியில் 'அ' 3.25, 'ஆ' 3.13. மரக்கறி அனுப்புபவர் வீதிக்கு 50, மின்சாரத்துக்கு 25, துறைமுகத்துக்கு 20, இணையத்துக்கு 5 சதவீத நிறை கொடுத்தால் 'அ' 2.75க்கு இறங்கும், 'ஆ' 3.35க்கு ஏறும். நிறையைப் பட்டியலைப் பார்க்கும் முன்பே எழுதிவிட வேண்டும். பார்த்த பிறகு எழுதினால் மனம் பிடித்த நாட்டுக்கே கை போகும்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையக வீதிகளையும் ரயில் பாதையையும் சிதைத்தது. அதற்கு முந்திய எந்தப் பட்டியலிலும் அது இருக்காது. மத்திய அதிவேக வீதியும் மீரிகம–குருணாகல் பகுதி 2022 ஜனவரியில் திறந்ததால் மலை ஏறிவிடவில்லை.

வீதிக்கு நம்பக்கூடிய எண் லொறியிலேயே கிடைக்கும். புறப்பட்ட நேரம், துறைமுக வாசலுக்குப் போன நேரம், பத்துப் பயணத்துக்கு எழுதுங்கள். குறைந்தது நாலு பயணம் மழை நாளில் இருக்கட்டும். வேகமானதிலிருந்து மெதுவானது வரை அடுக்கி, ஒன்பதாவதாக வரும் நேரத்தை எடுங்கள்; பத்தில் ஒன்பது பயணம் அதற்குள் முடிந்திருக்கும். வாங்குபவரோடு போடும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது சராசரியை அல்ல, அந்த ஒன்பதாவது நேரத்தை.