எல்லை தாண்டி வாங்கிய மளிகை காலாவதியாகியிருந்தால்

குமரி மாவட்ட எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் வசித்துக்கொண்டு கேரளத்தின் பாறசாலைக் கடைகளில் மளிகை வாங்கும் நம்மில் பலர், காலாவதியான பொருள் கைக்கு வந்தாலும், வேறு மாநிலமாயிற்றே என்று தயங்கி விட்டுவிடுகிறோம். அந்தத் தயக்கம் தேவையற்றது.

ரசீதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். தேதி கடந்திருப்பது வீட்டுக்கு வந்தபின் தெரிந்தால், உறையை எறிந்துவிடாமல், காலாவதித் தேதி, பேட்ச் எண், 14 இலக்க உணவு உரிம எண் ஆகியவை தெளிவாகத் தெரியும்படி ரசீதோடு சேர்த்துப் படமெடுத்து வையுங்கள். பழைய தேதியின் மேல் புதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைப் பிரிக்காதீர்கள். கவனக்குறைவை மன்னிக்கலாம், இதை மன்னிக்கவே கூடாது.

முதலில் கடைக்காரரிடம் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பணம் கிடைத்த பிறகும் அதே சரக்கு அலமாரியில் இருந்தால், அதுவும் குழந்தைகளுக்கான பால்மாவாக இருந்தால், சிறிதும் தாமதிக்காமல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் 1800 425 1125 என்ற இலவச எண்ணில் தெரிவியுங்கள். பணம் மறுக்கப்பட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால், கடை கேரளத்தில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்துக்குரிய நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.