பாரதியை மரத்தில் செதுக்க

பாரதி முகத்தை மரச்செதுக்கு அச்சாகப் போட நினைப்பவர்கள் முதலில் காலண்டர் ஓவியத்தைத்தான் எடுத்து வைப்பார்கள். அதை விடுங்கள். அவருடைய உண்மையான புகைப்படங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். காரைக்குடியில் கையில் கோலுடன் எடுத்த படம் எனக்குப் பிடிக்கும். யாரோ தீட்டிய வீரம் அதில் இல்லை.

படத்தை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய், டார்க் கூட்டி, நகலுக்கு நகல் நாலைந்து தடவை எடுங்கள். சாம்பல் நிறமெல்லாம் உதிர்ந்து கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும். அதுதான் உங்கள் வரைபடம். முகத்தைக் கோடு கோடாக வரைந்து செதுக்கினால் பாடப்புத்தகப் படம் மாதிரி ஆகிவிடும். 1891-ல் பாரிசில் கவிஞர் வெர்லேனைச் செதுக்கிய ஃபெலிக்ஸ் வல்லோத்தோனின் மர அச்சுகளைத் தேடிப் பாருங்கள். கறுப்பைப் பெரிய பெரிய திட்டுகளாக விடுவதில் அவருக்கு இருந்த துணிச்சல் வேறு யாருக்கும் இல்லை என்பேன்.

மரம் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் போதும். மேல்தோல் பிய்யாத ரகமாகப் பாருங்கள். நகலைக் கவிழ்த்து வைத்து கார்பன் தாளால் பலகைக்கு மாற்றுங்கள். கவிழ்க்காவிட்டால் அச்சில் கோல் கை மாறிவிடும், கோட்டின் பொத்தான் பக்கமும் மாறும். அடியில் பெயர் செதுக்குவதானால் அதையும் தலைகீழாக அல்ல, கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டும்.

இப்போது உளி. செதுக்கிய இடம் அச்சில் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. முண்டாசை முதலில் எடுங்கள். யூ வடிவ உளியால் நன்றாக வெளுப்பாக்கி, மடிப்புக்கு நாலு கோடு மட்டும் விடுங்கள். அவர் போட்டிருக்கும் கோட்டில் கையே வைக்காதீர்கள், முழுக்கக் கறுப்பாக இருக்கட்டும். மீசையைத் தனியாக வெட்டி நிறுத்தாமல், மூக்கடி நிழலோடு சேர விடுங்கள். கண்ணுக்குக் கடைசியில் வாருங்கள். வீ வடிவ உளியின் முனையை வைத்து, கண்பாப்பாவின் ஓரத்தில் எள்ளளவு வெள்ளை. அதற்கு முன் ஒரு சோதனை அச்சு எடுத்துப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் வெட்டிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. உளி போகும் திசைக்கு எதிரே இன்னொரு கை இருக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் உளி கொடுப்பதில்லை.

மைக்கு ஆஃப்செட் பிரஸ்காரர்களின் கறுப்பு மை நன்றாக வேலை செய்யும். கண்ணாடியில் மெல்லிசாகத் தேய்த்து ரோலரில் ஏற்றுங்கள். ரோலர் சரசரவென்று சத்தம் போட வேண்டும், சதசதவென்றால் மை அதிகம். பிரஸ் இல்லையென்றால் பரவாயில்லை. மை உருட்டிய பலகைமேல் நேபாளக் கைத்தாளை விரித்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் வட்ட வட்டமாகத் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் மறுபடி தேய்க்கலாம். ரோலரையும் பலகையையும் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மை வந்துவிடும்.

அச்சு காய நாலைந்து நாள், மழைக்காலத்தில் இன்னும் கூட. காயாமல் கையெழுத்துப் போட உட்காராதீர்கள், உள்ளங்கை இழுத்துவிடும். கையெழுத்து படத்துக்குக் கீழே வெறும் தாளில், பென்சிலால். இடது ஓரம் எண்: இருபதில் மூன்றாவது என்றால் 3/20. நடுவில் தலைப்பு. வலது ஓரம் உங்கள் பெயரும் ஆண்டும். எண்ணிக்கையில் சேராமல் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதிகளில் எண்ணுக்குப் பதில் ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் புரூஃப்). பாட்டு வரி சேர்க்க விரும்பினால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, பாரதியின் படைப்புகள் எப்போதோ பொதுவுடைமை ஆகிவிட்டன. ஆனால் நான் சேர்ப்பதில்லை, முகம் போதும்.

இருபது என்று எழுதினால் இருபதுதான். முடிந்ததும், மேலும் அச்செடுக்க முடியாதபடி பலகையில் குறுக்கே ஒரு வெட்டுப் போடுவது வழக்கம். எனக்கு மனசு வருவதில்லை. மை துடைத்துச் சுவரில் மாட்டிவிடுகிறேன்.