ஸ்கைர்மியன் குலையாமல் நிற்க என்ன செய்ய வேண்டும்

ஸ்கைர்மியன் என்பது மெல்லிய காந்தப் படலத்தில் உருவாகும் மிகச் சிறிய காந்தச் சுழல். அது நிலைக்க, முதலில் படல அடுக்கைச் சரியாகப் போடுங்கள். ஒரு நானோமீட்டர் அளவில் கோபால்ட், அதற்குக் கீழே பிளாட்டினம், மேலே இரிடியம். இரண்டு பக்கமும் பிளாட்டினம் வைத்தால், அணுக்களின் காந்தத் திசைகளைச் சுழலவைக்கும் டிஎம்ஐ (சியாலோஷின்ஸ்கி-மோரியா இடைவினை) இரு பக்கமும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று பெருமளவு அடித்துவிடும், பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். இதே மூன்றையும் பத்துத் தடவை அடுக்கினால், அறை வெப்பத்திலும் சுழல் கலையாமல் தாங்கும்.

படலம் படியவைக்கும் ஸ்பட்டரிங் இயந்திரம் கையில் இல்லையா? நானும் திருகோணமலையில், உப்புவெளி வீட்டில், என்விடியா கார்டு உள்ள லப்டொப்பில் மியூமேக்ஸ்3 என்ற காந்த உருவகப்படுத்தல் மென்பொருளை ஓட்டித்தான் பழகினேன். ஒற்றைப் படலத்துக்கு காந்தமாக்கம் மீட்டருக்கு 580 கிலோஆம்பியர், பரிமாற்றம் (பக்கத்து அணுக்களின் காந்தத்தை ஒரே திசையில் வைப்பது) மீட்டருக்கு 15 பிக்கோஜூல், செங்குத்துத் திசைவிருப்பம் (காந்தம் படலத்துக்குச் செங்குத்தாக நிற்க விரும்புவது) கனமீட்டருக்கு 0.8 மெகாஜூல், கட்டம் 1 நானோமீட்டர் என்று போடுங்கள். டிஎம்ஐயை சதுரமீட்டருக்கு 3 மில்லிஜூலில் வைத்தால் நடுவில் வட்டப் புள்ளி, அதாவது ஸ்கைர்மியன், அழகாக நிற்கும், 4 ஆக்கினால் அது நீண்டு வரிவரியாக ஓடிவிடும், ஏனென்றால் இந்த எண்களுக்கு எல்லை கிட்டத்தட்ட 3.8.

நிஜப் படலத்தில் வரிகள் வந்தால் பயப்பட வேண்டாம். செங்குத்தாகக் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், சில பத்து மில்லிடெஸ்லாவிலேயே வரிகள் சுருங்கிப் புள்ளிகளாகும். அவசரப்பட்டு ஏற்றினால் எல்லாமே அழிந்துவிடும், அப்புறம் திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.