வந்த வாசலைப் பாருங்கள்: இரண்டு புலம்பெயர் சமூகங்களின் பொருளாதார நிலையை ஒப்பிடும் முறை

நீலகிரியில் பந்தலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் எடுக்கிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கும், இங்கே படித்துவிட்டுக் கல்லூரியில் ஆய்வேடு எழுத வரும் பழைய மாணவர்களுக்கும் நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. புலம்பெயர்ந்த இரண்டு சமூகங்களை எடுத்து, அவர்களின் பொருளாதார நிலையை ஒப்பிட்டு எழுத வேண்டும். வியட்நாமியரையும் இந்தோனேசியரையும் எடுக்கச் சொல்வேன். இரண்டும் தென்கிழக்கு ஆசிய நாடுகள், இரண்டும் ஐரோப்பியர் ஆண்டவை, இரு நாட்டு மக்களும் அமெரிக்காவிலும் தைவானிலும் ஆஸ்திரேலியாவிலும் அக்கம்பக்கமாக வேலை பார்க்கிறார்கள். நமக்குத் தூரத்து மக்கள் என்பதால், மனதில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அபிப்பிராயமும் குறைவு.

எழுதி வருவது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு சராசரி வருமானம், ஒரு பட்டை வரைபடம், கீழே "இவர்கள் கடின உழைப்பாளிகள், அவர்களுக்கு வியாபார புத்தி குறைவு" என்று ஒரு முடிவு. இப்படிப்பட்ட முடிவு மனிதர்களை என்ன பாடுபடுத்தும் என்று எனக்குத் தெரியும். கூடலூர், பந்தலூர் பகுதியில் திருவிதாங்கூர் பக்கமிருந்து வந்த மலையாளிகளும் இருக்கிறார்கள், இலங்கையிலிருந்து வந்த எங்கள் மக்களும் இருக்கிறார்கள். "அவங்க மிளகு, காப்பின்னு முன்னுக்கு வந்துட்டாங்க, சிலோன்காரங்க இன்னும் லைன் வீட்டிலேயே கிடக்கறாங்க" (லைன் வீடு என்றால் எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு) என்ற பேச்சைப் பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்டே வளர்ந்தேன். மலையாளிகள் நிலம் தேடி, கையில் கொஞ்சம் பணத்தோடு வந்தவர்கள். எங்கள் பெற்றோர் 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி எண்ணிப் பிரித்து அனுப்பப்பட்டவர்கள். அந்த ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்ற எண்ணிக்கை 5,25,000. இங்கே அவர்களுக்காக 1968ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது, பிறகு அதுவே டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. வந்தவர்களுக்குக் கிடைத்தது கூலி வேலை, நிலம் கிடையாது. இந்தக் கதையைச் சொல்லாமல் இரண்டு தரப்பின் வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது அநியாயமான கணக்கு. அதனால்தான் இந்த முறையை விளக்கமாக எழுதுகிறேன்.

முதல் வேலை, ஊரை முடிவு செய்வது. "வியட்நாமியர் எதிர் இந்தோனேசியர்" என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்காதீர்கள். அமெரிக்காவில் வியட்நாமியர் 20 லட்சத்துக்கு மேல், இந்தோனேசியர் ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டியவர்கள். ஆஸ்திரேலியாவின் 2021 கணக்கெடுப்பில் வியட்நாமில் பிறந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர் அளவில், இந்தோனேசியாவில் பிறந்தவர்கள் 87 ஆயிரம் அளவில். தைவானில் மட்டும் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருவரும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருக்கிறார்கள். ஒரு நாட்டின் சட்டமும் விலைவாசியும் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தால்தான் ஒப்பீடு நிற்கும். ஆகவே ஒரு நாடு, ஒரே ஆண்டு.

அடுத்தது கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமானது: யார், எந்த ஆண்டு, எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று பிரிப்பது. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். 1975 ஏப்ரல் 30 அன்று தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபோது ஏறத்தாழ 1,25,000 வியட்நாமியர் அமெரிக்கா போனார்கள். பழைய அரசாங்கத்திலும் ராணுவத்திலும் இருந்தவர்கள், ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவர்கள் இதில் அதிகம். 1978க்குப் பிறகு படகில் தப்பி, முகாம்களில் காத்திருந்து போனவர்கள் வேறு மாதிரி. மீனவர்கள், சின்ன வியாபாரிகள், கைப்பொருளைக் கடலிலேயே பறிகொடுத்தவர்கள். 1980ன் அகதிகள் சட்டம் வந்தபின், அகதியாகச் சேர்க்கப்பட்டவருக்குத் தொடக்க உதவித்தொகை, வேலை செய்யும் உரிமை, பிறகு நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு வழி என எல்லாம் காகிதத்தில் இருந்தது.

இந்தோனேசியர் கதை வேறு. 1950களில் டச்சுக் கலப்பின இந்தோ குடும்பங்கள் நெதர்லாந்து வழியாக கலிபோர்னியா போனார்கள். பிறகு மேல்படிப்புக்குப் போன வசதியான வீட்டுப் பிள்ளைகள். 1997ன் நிதி நெருக்கடியும் 1998 மே மாதம் ஜகார்த்தாவில் சீன வம்சாவளியினர் மீது நடந்த கலவரமும் வேறொரு கூட்டத்தை விரட்டின. பிலடெல்பியாவின் தென்பகுதிக்கும் நியூ ஹாம்ப்ஷயரின் சின்னத் தொழில் ஊர்களுக்கும் சுற்றுலா விசாவில் போய் இறங்கினார்கள். பலருக்கு விசா காலாவதியானது, புகலிடம் கேட்ட மனு ஆண்டுக்கணக்கில் கிடந்தது. காகிதம் இல்லாதவர் குறைந்த கூலியை எதிர்த்துப் பேசவும் முடியாது. பட்டம் வாங்கி நல்ல வேலையில் இருப்பவரையும் இவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் "இந்தோனேசியச் சராசரி" யாருடைய வாழ்க்கையுமாக இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீன வம்சாவளி இந்தோனேசியர் கணக்கெடுப்புப் படிவத்தில் "சீனர்" என்று குறித்திருக்கலாம். வியட்நாமிலிருந்து போன சீன வம்சாவளியினரும் அப்படியே. உங்கள் அட்டவணை பிறந்த நாட்டை வைத்ததா, அவரவர் சொன்ன இனத்தை வைத்ததா என்று பார்த்துத் தலைப்பிலேயே எழுதுங்கள். போன நாட்டிலேயே பிறந்த பிள்ளைகள் முதல் வகையில் விழ மாட்டார்கள்.

சரி, இப்போது வருமானம். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019ன் தரவை வைத்துச் சொன்னது: அமெரிக்காவில் வியட்நாமியக் குடும்பத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும்) ஆண்டு வருமானம் 70 ஆயிரம் டாலரை ஒட்டி இருந்தது, ஆசியர் எல்லோருக்குமான கணக்கு 85 ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியது. குடும்ப வருமானம் என்றதும் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்தக் கூரையின்கீழ் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள்? அப்பா, அம்மா, மூத்த மகன் என மூன்று பேர் உழைத்து ஆறு பேர் சாப்பிடும் வீட்டையும் தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒருவரையும் "குடும்பம்" என்ற ஒரே கட்டத்தில் போட முடியாது. தலைக்கு எவ்வளவு, சம்பாதிப்பவருக்கு எவ்வளவு என்று இரண்டு கணக்கும் போடுங்கள். வியட்நாமியர் நிறைய பேர் வாழும் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியும் சான் ஹோசேவும் வீட்டு வாடகை மிக உயர்ந்த இடங்கள் என்பதையும் சேர்த்தால் படம் இன்னும் மாறும்.

தொழிலுக்கு வரும்போது "அவர்கள் கலாச்சாரம்" என்று எழுதுமுன் யார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று தேடுங்கள். நகப்பூச்சுக் கடைத் தொழில் இன்று அமெரிக்க வியட்நாமியர் கையில் இருக்கிறது. 1975ல் சாக்ரமென்டோ அருகே ஒரு அகதி முகாமில் நடிகை டிப்பி ஹெட்ரன் தன் நக அலங்காரக் கலைஞரை அழைத்து வந்து இருபது பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்ததில் அதன் பெரிய தொடக்கம் இருக்கிறது. படிப்புக் காலம் குறைவு, ஆங்கிலம் கொஞ்சம் போதும், அக்கா தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இந்தோனேசியருக்கு அப்படி ஒரு தொழில் வாய்க்கவில்லை என்றால், ஆள் தொகை சிறியது, சிதறியது, பலரிடம் காகிதமும் இல்லை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நான் பிள்ளைகளை அதிக நேரம் உட்கார வைப்பது தைவான் கணக்கில். ஒப்பீட்டில் நடக்கக்கூடிய எல்லாத் தடுமாற்றமும் அங்கே ஒரே இடத்தில் இருக்கிறது. இந்தோனேசியத் தொழிலாளரில் பெரும்பாலோர் பெண்கள், முதியோரையும் நோயாளிகளையும் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்பவர்கள். வியட்நாமியரில் பெரும்பாலோர் தொழிற்சாலையில். தைவானின் தொழிலாளர் தரநிலைச் சட்டம் தொழிற்சாலையைத் தொடும், வீட்டுப் பராமரிப்பாளரைத் தொடாது. அதனால் 2022 ஆகஸ்டில் உயர்த்திய பிறகும் புதிய பராமரிப்பாளருக்கு மாதம் 20,000 தைவான் டாலர்தான். அதற்கு முன் பல ஆண்டுகள் 17,000. அதே 2022ல் தொழிற்சாலையில் குறைந்தபட்சச் சம்பளம் 25,250. 2025ல் அது 28,590 ஆனது. ஓவர்டைம் தனி.

இதைப் பார்த்ததும் "வியட்நாமியர் நிலை மேல்" என்று முடிக்கக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் ஒப்பிட்டது இரண்டு நாட்டு மக்களையா, வீட்டு வேலைக்கும் ஆலை வேலைக்கும் ஒரு சட்டம் போட்ட வித்தியாசத்தையா? தொழிற்சாலையில் வேலை செய்யும் இந்தோனேசியரையும் வீட்டில் பராமரிப்பு வேலை செய்யும் வியட்நாமியரையும் தனியாக எடுத்துப் பாருங்கள். வேலை ஒன்றாகும்போது நாட்டு வித்தியாசம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் நீங்கள் தேடும் விடை. திருமணமாகித் தைவான் போய்க் குடியுரிமை பெற்ற வியட்நாமியப் பெண்களை இந்தக் கணக்கில் கலக்கவே கூடாது, அது வேறு வாசல்.

அப்புறம் கழிவுகள். ஏஜென்டுக்கு மாதாமாதம் சேவைக் கட்டணம் போகிறது. முதல் ஆண்டு 1,800, இரண்டாம் ஆண்டு 1,700, மூன்றாம் ஆண்டு 1,500 தைவான் டாலர் வரை வாங்கலாம் என்பது விதி. ஊரிலிருந்து கிளம்புமுன் வாங்கிய கடன் இதில் சேராது. வியட்நாமிலிருந்து ஆலை வேலைக்குப் போகிறவர்கள் பெரிய தொகையைக் கடனாகப் புரட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், தொடக்கக் காலச் சம்பளம் அதற்கே போகிறது. வீட்டோடு தங்கும் பராமரிப்பாளருக்கு வாடகை, சாப்பாட்டுச் செலவு கிடையாது. ஆனால் இரவு மூன்று மணிக்குக் கிழவர் கூப்பிட்டாலும் எழ வேண்டும், அந்த மணிக்குக் கூலி இல்லை. ஆகவே ஒரு தாளில் நான்கு வரிசை போடுங்கள்: கைக்கு வந்தது, பிடித்தம், கடன் தவணை, ஊருக்கு அனுப்பியது. பக்கத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று எழுதி, மணிக் கூலியாக மாற்றுங்கள். மாதச் சம்பளம் மறைப்பதை மணிக் கூலி காட்டிவிடும்.

இந்தத் தாளை முதலில் நம் ஊரில் நிரப்பிப் பழகச் சொல்கிறேன். எஸ்டேட் சம்பளச் சீட்டு ஒன்றை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், எத்தனை நாள் பேர் விழுந்தது, கூடுதல் கொழுந்துக்கு எவ்வளவு, பிறகு பி.எஃப்., அட்வான்ஸ், கரண்ட், தேயிலைத் தூள், சங்கச் சந்தா எனப் பிடித்தம். அடியில் நிற்கும் தொகை மேலே இருந்ததைவிட எவ்வளவு இளைத்திருக்கிறது என்று பிள்ளைகள் அப்போதுதான் கண்ணால் பார்க்கிறார்கள். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் சீட்டில் பயணச் செலவுக்குக் கொடுத்த முன்பணம் பிடிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்கும் முறையும் முக்கியம். எங்கள் லைனில் ஒரு பாட்டியிடம் என் மாணவி வருமானம் கேட்டு எழுதிக்கொண்டு கிளம்பினாள். பாட்டி கூப்பிட்டு, "ஏம்மா, சம்பளத்தைக் கேட்ட, சொன்னேன். கடனைக் கேக்காமலே போறியே?" என்றார். கேட்டதும் கடைப் பற்று, மகளிர் குழுத் தவணை, பேத்தி நகையை அடகு வைத்தது எல்லாம் வந்தது. இலங்கையில் அவர் முன்னோர் தலைமைக் கங்காணியிடம் (ஆள் சேர்த்து வேலை வாங்கும் மேற்பார்வையாளர்) பட்ட கடன் துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு, தோட்டம் மாறினாலும் கூடவே போன காலத்தையும் சொன்னார். அந்தத் துண்டு முறை 1921ல் சட்டப்படி ஒழிந்தது. ஒருவரைச் சந்தித்தால் "உங்க வருமானம் என்ன" என்று தொடங்காதீர்கள். "போன மாசம் கைக்கு எவ்வளவு வந்தது, யாருக்கெல்லாம் கொடுக்க வேண்டி இருந்தது" என்று கேளுங்கள்.

சொத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். வருமானம் சுமாராக இருந்தும் வீடு சொந்தமாக உள்ளவர் நிலை வேறு. எஸ்டேட் வீடு வேலை இருக்கும்வரைதான், நாற்பது வருடம் அதில் வாழ்ந்தவருக்கும் அது சொத்தாகாது. நெதர்லாந்தில் இதற்கு ஒரு கூர்மையான உதாரணம் உண்டு. டச்சு ராணுவத்தில் இருந்த, இந்தோனேசியாவின் மொலுக்கா தீவுக்காரர்கள் 1951ல் குடும்பத்தோடு ஏறத்தாழ 12,500 பேர் கொண்டுவரப்பட்டார்கள். வந்து இறங்கியதும் ராணுவத்திலிருந்து நீக்கினார்கள். கொஞ்ச காலத்தில் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற கணக்கில் வெஸ்டர்போர்க் போன்ற முகாம்களில் தங்க வைத்தார்கள், ஆரம்பத்தில் வெளியே வேலைக்கும் விடவில்லை. அதே காலத்தில் அதே இந்தோனேசியாவிலிருந்து டச்சுக் குடியுரிமையோடும் மொழியோடும் வந்த இந்தோக்கள் வேலைக்கும் வீட்டுக்கும் சீக்கிரம் வழி கண்டார்கள். ஒரு நாட்டிலிருந்து வந்தவர்களுக்குள்ளேயே இவ்வளவு தூரம் இருந்தால், இரண்டு நாட்டைத் தட்டையாக ஒப்பிடுவதில் என்ன மிஞ்சும் என்று மாணவர்களைக் கேட்பேன்.

கடைசியாக எழுதும் விதம். அட்டவணையை நாட்டுப் பெயரில் தொடங்காமல் வந்த வகையில் தொடங்குங்கள்: 1975ல் வந்தவர், படகில் வந்தவர், படிக்க வந்தவர், 1998க்குப் பின் வந்தவர், ஒப்பந்தத்தில் வந்தவர். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஆண்டு, ஊர், யாரைச் சேர்த்தது என்று எழுதுங்கள். ஒரு கட்டத்துக்கு எண் கிடைக்காவிட்டால் காலியாக விடுங்கள், சராசரியை இட்டு நிரப்ப வேண்டாம். உள்ளூரில் எடுத்த கணக்கு என்றால், யாரிடம் கேட்டீர்களோ அவரிடமே திருப்பிப் படித்துக்காட்டி, அவர் திருத்துவதைத் திருத்திய பிறகு என்னிடம் கொண்டுவாருங்கள்.