நீண்டகாலப் பயிற்றுநர் ஓய்வு பெறும்போது கழகம் செய்ய வேண்டியவை

யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டக் கழகங்கள் பலவற்றில் பயிற்றுநர் என்பவர் பயிற்சி கொடுப்பவர் மட்டுமல்லர். பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் அவர். அங்கே இனங்கண்ட பிள்ளையைக் கையோடு அழைத்து வந்து ஊர்க் கழகத்தில் சேர்ப்பவரும் அவர். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும் பழைய வீரர்கள் சீருடைக்கும் பந்துக்கும் பணம் அனுப்பும்போது அவர் முகத்துக்காகவே அனுப்புகிறார்கள். அத்தகைய ஒருவர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் ஒதுங்கும்போது, பொன்னாடை போர்த்தி, நினைவுச் சின்னம் வழங்கி, நான்கு பேர் உரையாற்றியவுடன் எல்லாம் முடிந்துவிட்டதாக நாங்கள் நினைக்கிறோம். அடுத்த நாள் மாலையும் அவர் மைதானத்துக்கு வருவார். அவர் எங்கே இருப்பது, என்ன பேசலாம், எதில் தலையிடக்கூடாது, வீரர்கள் யாருடைய சொல்லைக் கேட்பது என்பவற்றை அதற்குள் எவரும் தீர்மானித்திருக்க மாட்டார்கள். செயற்குழுவில் இருப்போரும் புதிதாகப் பொறுப்பேற்போரும் அந்தத் தீர்மானங்களை முன்கூட்டியே எடுப்பதற்கு உதவும் நோக்கில் இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பழைய பயிற்றுநரின் செல்வாக்கை அழிக்க முடியாது. அழிக்க முயல்வதும் தவறு. கழகத்தைக் கெடுப்பது அவருடைய செல்வாக்கு அன்று, அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது தெளிவில்லாமல் இருப்பதே. செல்வாக்கு அவரிடம் இருக்கட்டும், அதிகாரம் முழுவதும் புதியவரிடம் போகட்டும் என்பதே கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

பெரிய கழகங்களில் நடந்தவை

இந்த விடயத்தில் மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தைப் போல இரண்டு தடவை அடிபட்ட கழகம் வேறொன்று இல்லை. 1945 முதல் அக்கழகத்தை நடத்தி, 1958இல் மியூனிக் விமான விபத்தில் அணியையே இழந்து, மறுபடியும் கட்டியெழுப்பி, 1968இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற மட் பஸ்பி 1969இல் பொறுப்பிலிருந்து விலகினார். ஆனால் அவர் கழகத்தை விட்டுப் போகவில்லை. பொது முகாமையாளர் என்ற பதவியில் அங்கேயே இருந்தார். அவருடைய இடத்துக்கு வந்த வில்ஃப் மக்கின்னஸுக்கு அப்போது வயது 31. முகாமையாளர் என்ற பெயரைக்கூட ஆரம்பத்தில் அவருக்குக் கொடுக்காமல் தலைமைப் பயிற்றுநர் என்றே நியமித்தார்கள். அவர் கட்டளையிட வேண்டியிருந்த வீரர்களில் ஒருவரான பொபி சார்ள்ட்டன் அவரைவிட இரண்டு கிழமை மூத்தவர். மேலே பஸ்பி, கீழே பஸ்பியின் வீரர்கள், நடுவில் அரைப் பதவியோடு ஓர் இளைஞர் என்ற நிலையில் அவர் தாக்குப்பிடித்திருந்தால்தான் வியப்பு. 1970 டிசெம்பரில் அவர் நீக்கப்பட்டார், பஸ்பியே மீண்டும் அணியைப் பொறுப்பேற்றார். அடுத்து வந்த பிராங்க் ஓஃபாரலும் 1972 டிசெம்பரில் நீக்கப்பட்டார். 1974இல் அக்கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. வீரர்கள் முதுமையடைந்ததும் இந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முதிய வீரரை அணியிலிருந்து தூக்கும் துணிவு வருவதற்கு அதிகாரம் கையில் இருக்க வேண்டுமல்லவா?

1986 நவம்பரில் வந்து 2013 மே மாதத்தில் ஓய்வு பெற்ற அலெக்ஸ் பேர்கசன் அக்கழகத்துக்கு 38 கிண்ணங்களைப் பெற்றுக்கொடுத்தார். அவற்றில் 13 பிரீமியர் லீக் பட்டங்கள். தனக்குப் பின்னர் டேவிட் மோயஸ் வர வேண்டும் என்பதிலும் அவருடைய சொல்லே பெரிதாக எடுபட்டது. ஆறு ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்த மோயஸ் ஓர் ஆண்டைக்கூட முடிக்காமல் 2014 ஏப்ரல் 22 அன்று நீக்கப்பட்டார். அந்தப் பருவத்தில் அணி ஏழாம் இடத்தில் முடிந்தது. பேர்கசன் பணிப்பாளர்களுள் ஒருவராக அரங்கில் அமர்ந்திருந்தார். எதிரணி கோல் போடும்போதெல்லாம் தொலைக்காட்சிக் கமரா அவருடைய முகத்தைத் தேடிப் போனது. அவர் வாய் திறந்து எதுவும் சொல்லத் தேவையில்லை. அந்த முகமே புதியவருக்கு எதிரான சாட்சியமாக வீடுதோறும் காட்டப்பட்டது. அதே கோடையில் கழகத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியான டேவிட் கில்லும் விலகியிருந்தார். பேர்கசனின் உதவிப் பயிற்றுநர்களும் போனார்கள், மோயஸ் தன் முந்திய கழகமான எவர்ட்டனிலிருந்து தன் ஆட்களை அழைத்து வந்தார். பழையவரின் நிழல் அப்படியே இருக்க, பழையவரின் அறிவு மட்டும் கழகத்தை விட்டு வெளியேறியது. இதைவிட மோசமான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம். அதற்குப் பின்னர் வந்த பத்து ஆண்டுகளில் அக்கழகத்துக்கு ஒரு லீக் பட்டமும் கிடைக்கவில்லை.

லிவர்பூலில் நடந்தது வேறு. 1974இல் பில் ஷங்க்லி எதிர்பாராத விதமாக ஓய்வை அறிவித்தார். அதன் பின்னரும் அவர் பயிற்சித் திடலுக்கு வந்துகொண்டிருந்தார், வீரர்களும் அவரையே தலைவர் என்று அழைத்தார்கள். அவ்வாறு வருவதைத் தவிர்க்குமாறு கழகம் உணர்த்த வேண்டிய நிலை வந்தது; அந்த மனிதருக்கு அது ஆறாத வலியாயிற்று. எனினும், அவருடைய இடத்துக்கு வந்த பொப் பெய்ஸ்லி 1939 முதல் அக்கழகத்தில் இருந்தவர். வீரர்களையும் பயிற்சி முறையையும் உள்ளும் புறமும் அறிந்தவர். ஒன்பது பருவங்களில் ஆறு லீக் பட்டங்களையும் மூன்று ஐரோப்பியக் கிண்ணங்களையும் அவர் வென்றார். அறிவு உள்ளே தங்கியது, அதிகாரம் கை மாறியது. ஆனால் ஷங்க்லிக்கு மதிப்பான ஓர் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கியிருந்தால் அந்த வலியையும் தவிர்த்திருக்கலாம் என்பதே என் கருத்து.

விலகுவதற்கு முந்திய பருவத்தில்

மாஸ்டர் (நீண்டகாலப் பயிற்றுநரை எங்கள் ஊர்களில் அப்படித்தான் அழைப்போம்) விலகப் போகிறார் என்று தெரிந்தவுடன் அடுத்தவரைத் தேடத் தொடங்குங்கள். மாஸ்டரிடம் அபிப்பிராயம் கேளுங்கள். தனியாக, ஆறுதலாக, ஒவ்வொரு பெயரையும் பற்றிக் கேளுங்கள். ஆனால் தெரிவு செய்வது செயற்குழுவாகவே இருக்க வேண்டும், அது கூட்டக் குறிப்பேட்டிலும் பதியப்பட வேண்டும். அவர் கைகாட்டியவர் தோற்றால் அவருக்கும் பழி, புதியவருக்கும் பழி. வென்றால்கூட எல்லாம் மாஸ்டரின் தெரிவு என்ற பேச்சே மிஞ்சும்.

புதியவருக்குக் கொடுக்கும் கடிதத்தில் மூன்று அதிகாரங்கள் சொல்லால் எழுதப்பட்டிருக்க வேண்டும்: விளையாடும் பதினொருவரைத் தெரிவு செய்வது, பயிற்சியின் நேரத்தையும் முறையையும் தீர்மானிப்பது, ஒழுங்கை மீறும் வீரரை நிறுத்தி வைப்பது. ஊர்க் கழகத்தில் கடிதம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஊர்க் கழகம் என்பதால்தான் கடிதம் வேண்டும். நிறுத்தி வைக்கப்பட்ட பையனின் தகப்பன் மாஸ்டரின் பழைய மாணவனாக இருப்பார். அன்று இரவே மாஸ்டரின் வீட்டுப் படலையில் வந்து நிற்பார். அந்த நேரத்தில் மாஸ்டர், "தம்பி, அது இப்ப அவற்ர முடிவு" என்று சொல்வதற்கும் அந்தக் கடிதமே துணை நிற்கும்.

அடுத்தது பொருட்கள். எத்தனையோ கழகங்களில் பந்து மூட்டையும் கோல் வலைகளும் பயிற்சிக் கூம்புகளும் முதலுதவிப் பெட்டியும் பயிற்றுநரின் வீட்டு விறாந்தையில் அல்லது பின் அறையில்தான் இருக்கும். ஆண்டுக்கணக்காக அவருடைய மனைவி அவற்றை எடுத்துக்கொடுத்து, மழை நாளில் வலைகளைக் காயப் போட்டிருப்பார். புதியவர் ஒவ்வொரு மாலையும் பந்து எடுப்பதற்காக அந்த வீட்டுக்குப் போய் நின்றால், அவர் எந்தக் கடிதத்தோடு வந்திருந்தாலும் வீரர்களின் கண்ணுக்கு மாஸ்டரின் கையாளாகவே தெரிவார். ஆகவே பருவம் தொடங்குவதற்கு முன்னர் கழகத்துக்கென ஓர் அலுமாரியோ களஞ்சிய அறையோ ஏற்படுத்தி, பொருட்களை எண்ணி எழுதி, திறப்பைப் புதியவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த அம்மாவுக்கும் ஒரு நன்றி சொல்லுங்கள்; பிரியாவிடைக் கூட்டங்களில் நாங்கள் மறந்துவிடும் பெயர் அவருடையது.

பணமும் இப்படித்தான். வெளிநாட்டில் உள்ள பழைய வீரர்கள் மாஸ்டரின் தனிப்பட்ட கணக்குக்கு அனுப்பிப் பழகியிருந்தால், தலைவரும் பொருளாளரும் கையொப்பமிடும் கழகக் கணக்குக்கு அதனை மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தை மாஸ்டரே அவர்களுக்கு அறிவிக்கட்டும். செயலாளர் அறிவித்தால் அவரை ஓரங்கட்டிவிட்டார்கள் என்ற கதை கனடாவரை போய்ச் சேரும். அவர் வாயாலேயே வந்தால் அனுப்புகிறவர்களின் நம்பிக்கையும் புதிய நிர்வாகத்திடம் வந்து சேரும்.

இறுதியாக அவருடைய அறிவு. இதற்கு நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது இதுவே. எந்தப் பையனுக்கு முழங்கால் நோவு பழையது, எவனைச் சபையில் கண்டித்தால் அடுத்த நாள் வரமாட்டான், கடற்றொழிலுக்குப் போகும் வீரர்கள் எந்த மாதங்களில் பயிற்சிக்கு வர இயலாது, உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது எந்தத் தாயிடம் நேரே போய்ப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் மட்டுமே இருக்கும். புதியவரும் அவரும் அருகருகே அமர்ந்து ஒவ்வொரு வீரரையும் பற்றி ஒரு கொப்பியில் எழுதட்டும். அவருடைய உதவியாளர்களில் ஒருவரையேனும் புதியவர் தம்மோடு வைத்திருக்க வேண்டும்.

புதியவரின் முதற் பருவம்

ஆர்சென் வெங்கர் 22 ஆண்டுகள் ஆர்சனலை நடத்தி 2018இல் விலகிய பின்னர், 2022 டிசெம்பர் 26 வரை அங்கே ஆட்டம் பார்க்கப் போகவில்லை. புதியவர்களுக்கு அவர் வழி விட்டதைப் போன்ற பெருந்தன்மையை நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. அதற்காக எங்கள் மாஸ்டரையும் நான்கு ஆண்டுகள் வராதீர்கள் என்று சொல்ல முடியாது. அவருடைய வீடே மைதானத்துக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும். மாலையில் அவர் வேறு எங்கே போவார்? ஆகவே தூரத்தால் செய்ய முடியாததை இடத்தால் செய்ய வேண்டும்.

அவருக்கென மதிப்பான ஓர் இருக்கையை, மாற்று வீரர்கள் அமரும் பக்கத்துக்கு எதிர்ப்புறத்தில், வீரர்களின் காதுக்கு எட்டாத தொலைவில் ஒதுக்குங்கள். ஒரு தெரிவுப் போட்டியில் நான் கண்டது இது. எதிரணிக்கு மூலை உதை கிடைத்தது. புதிய பயிற்றுநர் எழுந்து நின்று, முதற் கம்பத்துக்கு ஒருவர் போக வேண்டும் என்று கையால் காட்டினார். பின்கள வீரர் அவரைப் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே வேப்ப மரத்தின் கீழ் நின்ற பழையவரைப் பார்த்தார். பழையவர் எதுவும் சொல்லவில்லை, தலையை மட்டும் இலேசாக ஆட்டினார். வீரர் நின்ற இடத்திலேயே நின்றார், பந்து முதற் கம்பத்தருகே தலையால் முட்டப்பட்டுக் கோலாயிற்று. பழையவரிடம் கெட்ட எண்ணம் துளியும் இருக்கவில்லை. வாழ்நாள் பழக்கம் அது. பழக்கத்தை அறிவுரையால் மாற்ற முடியாது, அவர் நிற்கும் இடத்தை மாற்றலாம்.

பயிற்சி நாட்களில் அவருக்கு உண்மையான ஒரு வேலையும் கொடுங்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பயிற்சி அதற்கு மிகப் பொருத்தமானது: வேறு நாள், வேறு நேரம், முழுப் பொறுப்பும் அவருடையது, அங்கே புதியவர் தலையிடக் கூடாது. போசகர் என்ற பெயரை மட்டும் கொடுத்து வேலை எதுவும் கொடுக்காமல் விட்டால், அவர் தமக்குத் தெரிந்த வேலைக்கே திரும்பி வருவார். அது பெரியவர் அணியின் வேலையாக இருக்கும்.

வீரர்களின் வட்ஸ்அப் குழுவில் அவர் இருக்கக் கூடாது. இதனைத் தலைவர் நேரில் சென்று சொல்ல வேண்டும், பேசாமல் நீக்கிவிடுவது அவமதிப்பு.

புதியவருக்கும் ஒரு சொல். மாஸ்டரின் முறைகளை முதற் கிழமையிலேயே தலைகீழாக மாற்றாதீர்கள். அவரைப் பற்றி வீரர்களுக்கு முன்னால் குறைவாக ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். மாதம் ஒரு முறை அவருடைய வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்து, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நீங்கள் தேடிப் போய்க் கேட்டால் அது ஆலோசனை. அவர் தேடி வந்து சொன்னால் அது தலையீடாகத் தோன்றும். ஆகவே முந்திக்கொள்ளுங்கள்.

தோல்விகள் வரும்போது

தொடர்ந்து மூன்று, நான்கு ஆட்டங்கள் தோற்றவுடன் மாஸ்டரை மறுபடியும் அழைப்போம் என்ற குரல் எழும். துரையப்பா அரங்கில் ஒரு இறுதியாட்டத்தைத் தோற்றுவிட்டு வரும் வழியிலேயே, வாகனத்துக்குள் அந்தப் பேச்சு தொடங்கிவிடும். 1970இல் மன்செஸ்டர் செய்தது இதைத்தான். பஸ்பி திரும்பி வந்ததால் அந்தப் பருவம் ஒருவாறு ஒப்பேறியது, ஆனால் அடுத்து வருபவரும் தற்காலிகமானவரே என்று வீரர்களுக்குப் புரிந்துவிட்டது. பருவத்தின் நடுவில் பயிற்றுநரை மாற்றுவதில்லை என்றும், பெறுபேறுகளைப் பற்றிய ஆய்வு வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன்னர் ஒரு தடவை மட்டுமே நடக்கும் என்றும் செயற்குழு முன்னரே தீர்மானம் எடுத்திருந்தால், அந்தக் குரலுக்குத் தலைவர் காட்டக்கூடிய பதில் கையில் இருக்கும். தவிர்க்க முடியாமல் புதியவர் விலக நேர்ந்தாலும், எஞ்சிய ஆட்டங்களை உதவியாளர் நடத்தட்டும், மாஸ்டரை மட்டும் அழைக்காதீர்கள்.

மைதானத்தின் பார்வையாளர் கொட்டகைக்கோ இளையோர் சுற்றுப்போட்டிக்கோ மாஸ்டரின் பெயரைச் சூட்டும் விருப்பம் எல்லோருக்கும் இருக்கும். பேர்கசனின் பெயரை ஓல்ட் ட்ரபர்ட் அரங்கின் ஒரு பகுதிக்கு 2011இல், அவர் பொறுப்பில் இருக்கும்போதே சூட்டினார்கள். உங்களாலும் அவர் விலகுவதற்கு முன்னரே செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள். முடியாவிட்டால் புதியவரின் முதற் பருவத்தைத் தள்ளிவிட்டு, அதற்கு அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். அதனை முன்மொழியும் பொறுப்பைப் புதிய பயிற்றுநரிடமே கொடுங்கள்.