கொலீகோ ஆடம் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொலீகோ நிறுவனத்தின் பழைய வீட்டுக் கணினியான ஆடமை வைத்திருப்பவர்கள் முதலில் பழக வேண்டியது இதுதான்: நிரல்களும் கோப்புகளும் பதிவாகியிருக்கும் டேப் டிரைவில் இருக்கும்போது பவர் சுவிட்சில் கை வைக்காதீர்கள். போடும்போதும் சரி, அணைக்கும்போதும் சரி.

பவர் போட்ட கணத்தில் இந்தக் கணினி ஒரு மின்காந்தத் துடிப்பைக் கிளப்புகிறது. டிரைவிலோ பக்கத்திலோ இருக்கும் டேப்பின் பதிவை அழித்துவிடும் அளவுக்கு அது வலுவானது. இதைவிடக் கொடுமை, டேப்பைப் போட்டுவிட்டுப் பவரைப் போடச் சொல்லி கொலீகோவின் சில கையேடுகளிலேயே அச்சடித்திருந்தார்கள். புத்தகம் சொன்னபடி செய்தவர்களுக்குத்தான் அதிக நஷ்டம். பழைய கையேட்டோடு முழு செட்டாக ஒன்று உங்களிடம் வந்து சேர்ந்தால், இந்த ஒரு விஷயத்தில் கையேட்டை நம்பாதீர்கள். முதலில் பவர், அப்புறம் டேப். முடிக்கும்போது முதலில் டேப்பை வெளியே எடுங்கள், பிறகு அணையுங்கள்.

டேப் போனால் என்ன, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்துவிட முடியாது. ஆடமில் நிரல் எழுத உதவும் ஸ்மார்ட்பேசிக் மொழி ரோமில் (கணினிக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்த நினைவகத்தில்) இல்லை, டேப்பில்தான் வந்தது. அந்த டேப் அழிந்தால் பேசிக்கும் போச்சு. சாதாரண ஆடியோ கேசட்டை வைத்துச் சமாளிக்கவும் வழியில்லை. டேட்டா பேக் எனப்படும் இந்த டேப் பார்க்க ஆடியோ கேசட் போலவே இருந்தாலும், கூட்டில் உள்ள துளைகள் வேறு. ஃபார்மேட் செய்யப்பட்டே விற்பனைக்கு வந்தது. ஒன்றில் 256 கிலோபைட் பிடிக்கும். நல்ல நிலையில் ஒரு பேசிக் டேப் கிடைத்தால், விளையாடத் தொடங்கும் முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

அடுத்த தவறு, பிரிண்டர் இல்லாத ஆடமை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது. 1983 இறுதியில் கடைக்கு வந்தபோது கணினி, விசைப்பலகை, டேப் டிரைவ், டெய்சி வீல் பிரிண்டர் (தட்டச்சுப் பொறி போல எழுத்துச் சக்கரத்தால் அடிப்பது) எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. ஒரு குடும்பத்துக்கு வேண்டியதை மொத்தமாகக் கொடுக்கும் அந்த யோசனை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் பவர் சப்ளையைப் பிரிண்டருக்குள் வைத்ததுதான் வினை. பவர் சுவிட்சும் அதில்தான். பிரிண்டர் இல்லையென்றால், அல்லது அதன் பவர் சப்ளை கெட்டால், கணினிக்கு உயிர் வராது. மாற்று பவர் சப்ளை செய்துகொள்ள முடியும் என்றாலும், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும். அமெரிக்காவுக்காகச் செய்த செட் 120 வோல்ட்டில் ஓடுவது; நம் ஊர் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் கதை முடிந்தது.

கேம் அடங்கிய செருகுபெட்டியான கார்ட்ரிட்ஜ் விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். கொலீகோ 1982-இல் வெளியிட்ட கொலீகோவிஷன் கேம் கன்சோலின் கார்ட்ரிட்ஜ்கள் ஆடமில் அப்படியே ஓடும். ஆனால் ஆடமைப் போட்டதும் திரையில் வருவது கேம் இல்லை, தட்டச்சுப் பொறி. அடித்தால் பிரிண்டர் படபடவென்று காகிதத்தில் அடிக்கும். கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அதன் முனைகளைச் சுரண்ட ஆரம்பிக்காதீர்கள். கணினியில் இரண்டு ரீசெட் சுவிட்சுகள் உண்டு: ஒன்று கணினிக்கு, மற்றது கார்ட்ரிட்ஜுக்கு. இரண்டாவதை இழுத்தால் கேம் வரும்.

அதே தட்டச்சுப் பொறித் திரையில் கடிதம் எழுதிவிட்டுப் பிறகு சேமித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தவறு. அங்கே அடிப்பது காகிதத்துக்கு மட்டும்தான் போகும். சேமிக்க வேண்டுமானால் எஸ்கேப் விசையை அழுத்தி ஸ்மார்ட்ரைட்டர் சொற்செயலிக்குள் போய்விட்டு எழுதத் தொடங்குங்கள்.

ஆடமுக்கென்று டேப்பில் வந்த கேம்களைத் தனிக் கொலீகோவிஷனுக்காக வாங்காதீர்கள். பக் ரோஜர்ஸ் போன்றவை கார்ட்ரிட்ஜாகவும் கிடைக்கும், டேப்பாகவும் கிடைக்கும். கார்ட்ரிட்ஜ் இரண்டிலும் ஓடும். டேப்புக்கு ஆடம் வேண்டும், அல்லது கன்சோலோடு இணைக்கும் மூன்றாம் எண் விரிவாக்கப் பெட்டி வேண்டும். வாங்குமுன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அதில் இருப்பது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.