விமான மைல் கார்டு வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. துபாயிலோ தோஹாவிலோ இறங்கி ஏறித்தான் போக வேண்டும். டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான்கு பேர் போய்வர ஆகும் செலவை நினைத்தால், "மைல் சேருங்கள், டிக்கெட் இலவசம்" என்று வங்கியில் சொல்லும்போது யாருக்கும் ஆசை வரும். மைல் என்பது கார்டில் செலவு செய்யச் செய்யச் சேரும் புள்ளி, அதைக் கொடுத்து விமான டிக்கெட் எடுக்கலாம். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மசாலா மொத்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். அதனாலேயே சொந்தக்காரர்கள் மைல் தரும் பிரீமியம் கார்டின் விண்ணப்பத்தோடு என்னிடம் வருவார்கள். கையெழுத்துக்கு முன் அவர்களோடு உட்கார்ந்து நான் போடும் கணக்கை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். சம்பளத்தைப் பார்க்காதீர்கள், கார்டில் உண்மையாகத் தேய்த்த தொகையை மட்டும் கூட்டுங்கள். வீட்டுக் கடன், மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவத் திட்டச் சந்தா, இன்ஷூரன்ஸ் எல்லாம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் டெபிட் ஆர்டரில் போய்விடும். பள்ளிக் கட்டணத்தையும் கோயில் நன்கொடையையும் பெரும்பாலும் இ.எஃப்.டி.யில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பித்தான் கட்டுகிறோம். இவை எதற்கும் மைல் இல்லை. பெட்ரோலுக்குப் பல கார்டுகளில் மைல் கிடைக்காது, கிடைத்தாலும் குறைவு. "மாதம் 40,000 ராண்ட் செலவு செய்கிறோம் அக்கா" என்று வருகிற குடும்பத்தில், மைல் தரும் செலவு அதில் பாதிதான் தேறும்.

அந்தப் பாதியை, 20,000 ராண்டை, வைத்தே போடுவோம். வருடத்துக்கு 2,40,000. பத்து ராண்டுக்கு ஒரு மைல் என்றால் 24,000 மைல். இனி ஒரு மைலின் விலை. சென்னைக்குப் போய்வர டிக்கெட் 14,000 ராண்ட் என்றும், அதற்கு 60,000 மைல் வேண்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மைலில் எடுத்தாலும் விமான நிலைய வரியையும் விமான நிறுவனம் போடும் கூடுதல் கட்டணமான சர்சார்ஜையும் கையிலிருந்து கட்ட வேண்டும். அது 6,000 ராண்ட் என்றால், அந்த 60,000 மைல் உங்களுக்கு மிச்சப்படுத்துவது 8,000தான். ஒரு மைல் சுமார் 13 சென்ட். உங்கள் 24,000 மைலின் மதிப்பு 3,200 ராண்ட். கார்டு கட்டணம் மாதம் 250 என்றால் வருடத்துக்கு 3,000. மிஞ்சுவது 200 ராண்ட்.

இந்த எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் கார்டின் எண்களைப் போட்டுப் பாருங்கள், முறை மாறாது. பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டின் விலையை வைத்து மைலை மதிப்பிடுகிறவர்களும் உண்டு. காசு கொடுத்து அந்த இருக்கையை நீங்கள் வாங்கியிருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் அந்த விலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இன்னொன்று: கட்டணம் குறைந்த சாதாரண கார்டு அரை சதவீதம் கேஷ்பேக் தந்தாலே அதே செலவுக்கு 1,200 ராண்ட் வரும். பிரீமியம் கார்டை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

வட்டி விஷயத்தில் நான் கண்டிப்பாகவே பேசுவேன். இங்கே கார்டுகளில் 55 நாள் வரை வட்டியில்லாத காலம் உண்டு. மாதாமாதம் முழுத்தொகையையும் கட்டுகிறவர்களுக்குத்தான் அது. கார்டு வட்டி ரெப்போ விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) மேல் 14 சதவீதம் வரை போகலாம் என்று இந்நாட்டுக் கடன் சட்டமான நேஷனல் கிரெடிட் சட்டத்தின் விதிகள் அனுமதிக்கின்றன. வருடத்துக்கு 20 சதவீதம் என்றே வைத்தாலும், 10,000 ராண்ட் பாக்கிக்கு ஒரே மாதத்தில் 167 ராண்ட் வட்டி. மேலே மிஞ்சிய 200 அதிலேயே கரைந்துவிடும். பாக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் மைல் கார்டு வேண்டவே வேண்டாம்.

கார்டோடு வரும் விமான நிலைய லவுஞ்ச் (வசதியான காத்திருப்பு அறை) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் வருடத்துக்கு எத்தனை முறை உட்காரப் போகிறீர்கள், கூட வரும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் கட்டணமா என்று மட்டும் கேளுங்கள். கார்டோடு வரும் பயணக் காப்பீட்டைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். டிக்கெட்டை அந்தக் கார்டில் வாங்கினால்தான் பெரும்பாலும் அது செல்லும். வயது வரம்பு இருக்கும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்குக் காப்பு இருக்காமல் போகலாம். அம்மா அப்பாவை அழைத்துப் போவதாக இருந்தால் அவர்களுக்குத் தனிக் காப்பீடு எடுக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

தி.நகரில் கல்யாணப் பட்டு எடுக்கும்போதும் கவனம் தேவை. வெளிநாட்டுச் செலவுக்கு வங்கிகள் போடும் மாற்றுக் கட்டணம் பொதுவாக 2 சதவீதத்துக்கு மேல். நம் உதாரணத்தில் மைலாகத் திரும்புவதோ 1.3 சதவீதம். அங்கே தேய்க்கத் தேய்க்க நஷ்டம். மெஷின் ராண்டா ரூபாயா என்று கேட்டால் ரூபாயை அழுத்துங்கள். ராண்டை அழுத்தினால் கடைக்காரரின் வங்கி தனக்கு வேண்டிய விகிதத்தைப் போட்டுக்கொள்ளும்.

மைல் உங்கள் பணமல்ல. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. குலுலா என்ற மலிவு விமான சேவையை இங்கே நடத்திய கோம்ஏர் 2022 ஜூனில் கலைப்புக்குப் போனது. நிறுவனம் நன்றாக ஓடினாலும் ஒரு டிக்கெட்டுக்கு வேண்டிய மைலை அது எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம். எமிரேட்ஸ் விமான நிறுவனத்தின் ஸ்கைவார்ட்ஸ் திட்ட மைலுக்கு ஆயுள் மூன்று வருடம்தான். நம் உதாரணக் குடும்பம் 60,000 சேர்க்கவே இரண்டரை வருடம் ஆகும். அதுவும் ஒரே ஒருவருக்கான டிக்கெட். அதனால் மைல் போதிய அளவு சேர்ந்தவுடன் பயன்படுத்திவிடுங்கள். டிசம்பர் இருக்கை வேண்டுமென்றால் அந்த வருடத் தொடக்கத்திலேயே தேடுங்கள்.

வேலை நிமித்தம் அடிக்கடி பறந்து, கம்பெனிச் செலவைக் கார்டில் போட்டு, மாதாமாதம் முழுசாகக் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கார்டு நல்ல லாபம் தரும். அப்படிப்பட்டவர்களிடம் தயங்காமல் வாங்கச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் ஒரு வருடம் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டணம் விழுவதற்கு முன் வங்கியை அழைத்துச் சாதாரண கார்டுக்கு மாற்றித் தரக் கேட்கலாம். அதற்கு முன் மைல் வங்கிக் கணக்கில் இருக்கிறதா, விமான நிறுவனக் கணக்குக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். வங்கியில் இருந்தால் முதலில் மைலை விமான நிறுவனக் கணக்குக்கு அனுப்பிவிட்டு, பிறகு கார்டை மாற்றுங்கள்.